கழுதைப்புலியின் நான்காவது படம்

எக்ஸ்ரே எடுக்க மனிதரைப் படுக்கவைப்பதைவிடக் கரடியைப் படுக்கவைப்பது சுலபம் என்பார் சரளா. கரடி மயக்கத்தில் இருக்கும். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காது. படத்தில் என்ன தெரிகிறது என்றும் கேட்காது.

அந்த இரண்டாவது கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர் அவர். பிறந்தது கோலார் தங்கவயல், மாரிக்குப்பம். பௌத்தக் குடும்பம். அப்பா சுரங்கத்தில் பம்ப் ஓட்டியவர். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக அடிபட்ட வருடங்களில் சரளா பெங்களூரில் எக்ஸ்ரே டிப்ளமோ முடித்து, தொம்மலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் வருடம், கணவனைக் கூட்டிவந்த ஒரு பெண் வாசலிலேயே மறித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரளாவுக்குப் பொய் வரவில்லை. நுரையீரலில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, சீக்கிரம் பெரிய டாக்டரிடம் போங்கள் என்றார். அந்தப் பெண் காத்திருப்போர் நடுவில் தரையில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிட்டாள். சென்டர் டாக்டர் சரளாவை உள்ளே அழைத்து, "படம் எடுக்கறது உன் வேல. படிக்கறது என் வேல" என்றார். ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொன்னார்.

அந்த ஒரு மாதம் கழித்துத் திரும்பிய சரளா, அதன்பின் இருபது வருடங்கள் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. படத்தில் சாவு எழுதியிருந்தால்கூட "டாக்டர் சொல்லுவாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அது சிரமமாக இல்லை என்றும், கொஞ்ச நாளில் முகம் தானாகவே அப்படி ஆகிவிடும் என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் சந்தாபுராவில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவர் மூன்றாவது மாடி.

கொரோனாவில் அந்த ஸ்கேன் சென்டர் மூடப்பட்டது. மறு வருடம் ஆனேக்கல் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மிருகக்காட்சி சாலையில் சரளாவுக்கு வேலை கிடைத்தது. சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கங்கள், பொறியில் காலை இழந்த சிறுத்தைகள், கரடிகள், நரிகள், நீர்நாய்கள் என்று அறுபதுக்குக் குறையாத பாலூட்டிகள் அங்கே இருந்தன. அவற்றுக்கு ஒரே டாக்டர், சுஹாஸ். முப்பத்துநான்கு வயது. தாத்தா காலத்தில் மைசூர் அரசு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வேகமாகப் பேசுவார், வேகமாக நடப்பார், சாப்பிட மறந்துபோவார்.

சுஹாஸ் ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். நோயில்லாத விலங்கின் உடம்பு எக்ஸ்ரேயில், ஸ்கேனில் எப்படித் தெரியும் என்று காட்டும் படத்தொகுப்பு. அதற்குக் காரணம் ஒரு கரடி. அவர் வேலைக்கு வந்த புதிதில் அந்தக் கரடியை ஸ்கேன் செய்தபோது சிறுநீரகம் முழுக்க முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. கட்டி என்று நினைத்து இரண்டு மாதம் மருந்து கொடுத்தார். கரடி செத்தது. உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: கரடிக்குச் சிறுநீரகம் இயல்பாகவே திராட்சைக் கொத்து மாதிரிதான் இருக்கும். கோளாறு பல்லில் இருந்தது. அங்கிருந்து சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது.

"நார்மல் எதுன்னு தெரியாம அப்நார்மல எப்படிக் கண்டுபிடிக்கறது மேடம்?" என்று சரளாவை வேலைக்கு எடுத்த அன்றே கேட்டார் சுஹாஸ். சரளாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

அடுத்த இரண்டு வருடங்கள் அவர் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள். நாற்பத்தெட்டு வயதில் புதிதாகப் படிக்க ஆரம்பித்தார். நாய்க்குப் பதிமூன்று ஜோடி விலா எலும்பு, கழுதைப்புலிக்குப் பதினைந்து. சிறுத்தைக்குத் தோள்பட்டை எலும்பு நெஞ்சுக்கூட்டோடு சேராமல் சதையில் தொங்கும். நீர்நாயின் சிறுநீரகமும் கரடியுடையதைப் போலக் கொத்துதான். இதையெல்லாம் ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைத்தார். படத்தை இப்போது அவரும் படித்தார். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புத்தகத்துக்கு மிச்சம் இருந்தது கழுதைப்புலி. அங்கே ஒரே ஒரு பெண் கழுதைப்புலி, பெயர் பூதி. கன்னடத்தில் பூதி என்றால் சாம்பல். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். சித்ரதுர்கா பக்கம் கிணற்றில் விழுந்து கிடந்ததைக் குட்டியாகக் கொண்டுவந்தார்கள். ஒன்பது வருடம் அதை வளர்த்தவர் குணசேகர் என்ற பராமரிப்பாளர். அத்திபெலேக்காரர், நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். அவர் விளக்குமாற்றைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டாலே பூதி பொந்தைவிட்டு வெளியே வரும். வேறு யார் போனாலும் வராது.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை பூதிக்குப் படம் எடுக்க ஏற்பாடானது. மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கே ஊன் உண்ணிகளுக்கு வழக்கமான பட்டினி நாள். அதனால்தான் புதன்கிழமையாகப் பார்த்து வைத்தார்கள். ஆனால் புதன்கிழமை ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்து சேரவில்லை. வியாழக்கிழமை காலைக்கு மாற்றினார்கள். பூதிக்குப் புதன்கிழமையும் சாப்பாடு இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சுஹாஸ் நகரத்தில் ஒரு கூட்டத்தில் இருக்க வேண்டும். எட்டரை மணிக்குக் குணசேகருக்கு போன் செய்தார். பத்து நிமிடத்தில் பூதி ஸ்க்வீஸ் கூண்டில் இருக்க வேண்டும் என்றார். ஒரு பக்கச் சுவரை நகர்த்தி, விலங்கை அசையாமல் நிறுத்தி ஊசி போடுவதற்கான குறுகிய கூண்டு அது. பூதி அதற்குள் போகவில்லை. விளக்குமாற்றை இழுத்தும், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பொந்தின் வாயிலேயே படுத்துக் கிடந்தது. அரை மணி நேரம் ஆகிவிட்டது. போன் மறுபடி அடித்தது. குணசேகர் சமையலறைக்குப் போய் இரண்டு கைப்பிடி கோழிக்கழுத்து எடுத்துவந்து கூண்டின் உள்கோடியில் போட்டார். இரண்டு நாள் பசியில் இருந்த பூதி உள்ளே போய், மென்றும் மெல்லாமலும் விழுங்கியது. கதவு விழுந்தது.

சுஹாஸ் வந்தார், ஊசி போட்டார். வயிறு காலிதானே என்று கேட்கவில்லை. குணசேகரும் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு மேல் பூதியை ஸ்ட்ரெச்சரில் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் முகமூடி வைத்தார் சுஹாஸ். நீண்ட மயக்கமாக இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் டியூப் செருகி, அதைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிடுவார்கள். வயிற்றிலிருந்து எது மேலே வந்தாலும் நுரையீரலுக்குள் போகாது. இது இருபது நிமிட வேலைதானே என்று டியூப் போடவில்லை.

சரளா ஈய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வலப்பக்கம் படுக்கவைத்து நெஞ்சுக்கு ஒரு படம் எடுத்தார். பிறகு இடப்பக்கம். இரண்டும் அருமையாக வந்தன. நுரையீரல் கறுப்பாக, சுத்தமாக, ரத்தக்குழாய்கள் மரக்கிளைகளாகப் பிரிந்து தெரிந்தன. பதினைந்து விலா எலும்புகளையும் எண்ண முடிந்தது. மூன்றாவது, பக்கவாட்டில் வயிறு. அது மடிக்கணினித் திரையில் வந்ததும் சரளாவின் கை நின்றது. காலியாக இருக்க வேண்டிய இரைப்பை உப்பியிருந்தது. உள்ளே சின்னச் சின்ன எலும்புகள், வெள்ளை வெளேரென்று, அடுக்கடுக்காக.

அவருக்கு உடனே புரிந்தது. இதில் அவர் என்னிடம் எந்தச் சால்ஜாப்பும் சொன்னதில்லை. "ஒரு செகண்டு கூட ஆகல. சாப்பிட்டிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"சார், வயித்துல" என்று ஆரம்பித்தார். சுஹாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பூதியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "படம் கிளியரா இருக்கா மேடம்?"

"கிளியரா இருக்கு சார்."

"அப்ப அடுத்தது. மல்லாக்கப் போடலாம்."

சரளா மேலே எதுவும் சொல்லவில்லை. டாக்டர் எப்படியும் திரையைப் பார்ப்பார் என்று நினைத்தார். டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும் என்றும் நினைத்தார். குணசேகரும் சரளாவுமாகப் பூதியைப் புரட்டி மல்லாக்கப் படுக்கவைத்து, முன்னங்கால்களை இழுத்துக் கட்டினார்கள். நான்காவது படம் எடுத்தாயிற்று. முதுகெலும்பு சற்றுச் சாய்ந்து விழுந்திருந்தது. புத்தகத்துக்கு அது ஆகாது.

"கொஞ்சம் சாஞ்சிருக்கு சார். இன்னொண்ணு எடுத்துடறேன்" என்றவர் சரளாதான்.

நேராக்கி, மணல் பை வைத்து, மறுபடி எடுக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. பொத்தானிலிருந்து கையை எடுத்தபோது பூதியின் தொண்டையில் களக் என்று ஒரு சத்தம் வந்தது. வாயோரம் பழுப்பாக ஏதோ வழிந்தது.

சுஹாஸ் பாய்ந்து அதைப் பக்கவாட்டில் திருப்பித் தலையைத் தொங்கவிட்டார். வாய்க்குள் கைவிட்டு எலும்புத் துண்டுகளை வழித்தெடுத்தார். அப்போதுதான் குணசேகரைப் பார்த்து, "சாப்பாடு குடுத்தியா?" என்றார்.

"கூண்டுக்குள்ள வரவே இல்ல சார். நீங்க பத்து நிமிஷம்னு சொன்னீங்க. ரெண்டு கைப்பிடி கழுத்து போட்டேன்."

குணசேகர் அதை மறைக்கவில்லை. அன்றிலிருந்து கடைசிவரை ஒருமுறைகூட மறைக்கவில்லை.

பூதி அன்று சாகவில்லை. மயக்கம் தெளிந்து எழுந்தது, தண்ணீர் குடித்தது, தள்ளாடிப் போய் மூலையில் படுத்தது. வெள்ளிக்கிழமை காலை அதன் மூச்சு வேகமாக ஓடியது. சரளா மறுபடி நெஞ்சுப் படம் எடுத்தார். முந்தின நாள் கறுப்பாக இருந்த நுரையீரலின் கீழ்ப்பகுதியில் பஞ்சை ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள். சனிக்கிழமை மயக்க ஊசியே தேவைப்படவில்லை. தூக்கிய பக்கம் அப்படியே கிடந்தது. அன்றைய படத்தில் கறுப்பைத் தேட வேண்டியிருந்தது. சுஹாஸ் திரையைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்குப் பூதி செத்தது. கடைசிவரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்த குணசேகர், அதன் காதுக்குள் இருந்த உண்ணி ஒன்றைப் பிடுங்கித் தரையில் நசுக்கினார்.

வெளியே வரும்போது அவர் சரளாவிடம் கேட்டார்: "அக்கா, படத்துல முன்னாடியே தெரிஞ்சுதா?"

"அப்பறமா பாக்கும்போதுதான் தெரிஞ்சுது குணா" என்றார் சரளா.

அது எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். கணவர் ராஜரத்தினத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் அத்திபெலேயில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர், கணக்காகப் பேசுகிறவர்.

"சோறு போட்டது நீயா?"

"இல்ல."

"ஊசி போட்டது?"

"இல்ல."

"அப்ப ஏன் நீ போயித் தலையக் குடுக்கற? கேட்டா பதில் சொல்லு. கேக்காட்டி சும்மா இரு."

சரளா சும்மா இருக்கப் பார்த்தார். திங்கட்கிழமை மடிக்கணினியைத் திறந்தபோது ஒவ்வொரு படத்தின் கீழும் நேரம் பதிவாகியிருப்பது கண்ணில் பட்டது. வயிற்றுப் படம் ஒன்பது ஐம்பத்திரண்டு. மல்லாக்க எடுத்தது ஒன்பது ஐம்பத்தேழு. திரும்ப எடுத்தது ஒன்பது ஐம்பத்தொன்பது. முதல் இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் பூதியைப் புரட்டாமல் விட்டிருக்கலாம், டியூப் போட்டிருக்கலாம், தலையை உயர்த்தி வைத்து மயக்கத்தை முறிக்கும் ஊசி போட்டிருக்கலாம். அதற்கு வேண்டிய மருந்து டிரேயிலேயே இருந்தது.

அடுத்த வாரம் விசாரணை நடந்தது. அறக்கட்டளை உறுப்பினர் சேஷகிரி தலைமையில் மூன்று பேர். சேஷகிரி அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்; யாரிடமும் குரலை உயர்த்தாதவர். முதல் நாள் சுஹாஸ் எழுத்தில் கொடுத்துவிட்டிருந்தார்: பட்டினி வைக்கும் பொறுப்பு பராமரிப்பாளருடையது, அவர் உணவு கொடுத்ததைத் தெரிவிக்கவில்லை. இரண்டும் உண்மைதான். குணசேகர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சரளாவை அழைத்தது படங்களை வரிசைப்படி காட்டுவதற்கு மட்டும்தான். மூன்றாவது படம் வந்ததும் சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதுதானே எலும்பு?" என்றார்.

"ஆமா சார். இத நான் அப்பவே பாத்தேன்."

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"மல்லாக்கப் போடறதுக்கு முன்னாடியே பாத்தேன். சாப்பிட்டிருக்குன்னு தெரிஞ்சுது. நான் சொல்லல. அதுக்கப்பறம் இன்னொரு படம் வேணும்னு நாந்தான் கேட்டேன். நேரம் பாருங்க சார், அதுலயே இருக்கு."

சேஷகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு இதமாகவே சொன்னார்: "ஏம்மா, நீங்க டெக்னீஷியன். படத்த வெச்சு முடிவு பண்றது உங்க டியூட்டி இல்லையே. ஏன் வீணா மனசக் குழப்பிக்கறீங்க?"

"டியூட்டியப் பத்திச் சொல்லல சார். தெரிஞ்சுதுன்னு சொல்றேன்."

"சரி, எழுதிக்கறோம்."

எழுதிக்கொண்டார்கள். பிறகு வந்த அறிக்கையில் அது ஒரு வரியாக இருந்தது: இரைப்பையில் உணவு இருந்ததை எக்ஸ்ரே படங்கள் உறுதி செய்கின்றன. யார், எப்போது பார்த்தார் என்பது அதில் இல்லை. டாக்டர் எச்சரிக்கப்பட்டார். ஒப்பந்த வேலையில் இருந்த குணசேகர் நீக்கப்பட்டார். ஒன்பது வருடம் போட்ட காக்கிச் சட்டைகளைத் துவைத்து மடித்து அலுவலகத்தில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். சரளா அன்று நரிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவர் வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

சுஹாஸ் ஒரே ஒருமுறை அதைப் பற்றிப் பேசினார். அறையில் இருவர் மட்டும் இருந்தபோது, "நான் ஸ்க்ரீனப் பாத்திருக்கணும் மேடம். வயிறு காலியான்னு கேட்டிருக்கணும். கேக்கல" என்றார். "இத எழுதிக் குடுத்திருக்கலாமே சார்" என்றார் சரளா. சில மாதங்களில் சுஹாஸ் வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துப் போய்விட்டார்.

மறு வருடம் புத்தகம் தபாலில் வந்தது. நல்ல வழவழப்பான தாள். சரளா நின்றுகொண்டே புரட்டினார். ஐம்பத்தோராம் பக்கத்தில் பூதி இருந்தது: வியாழக்கிழமை எடுத்த முதல் இரண்டு நெஞ்சுப் படங்கள். கீழே ஆங்கிலத்தில், வயது வந்த பெண் கழுதைப்புலி, நெஞ்சு, இயல்பு நிலை என்று போட்டிருந்தது. அதில் பிழை இல்லை. எடுத்த நேரத்தில் அந்த நுரையீரல் இயல்பாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். சரளாவின் பெயர் இருந்தது. நான்கு வரி தள்ளி, விலங்குகளைக் கையாள உதவியவர்கள் என்ற இடத்தில், குணசேகரின் பெயரும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரளா புத்தகத்தை எடுத்துக்கொண்டு அத்திபெலேக்குப் போனார். வீட்டில் குணசேகரின் மனைவி ஷோபா மட்டும் இருந்தாள். அவர் ஓசூர் ரோட்டில் ஒரு கிடங்கில் செக்யூரிட்டியாக இருக்கிறார் என்று வழி சொன்னாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

கிடங்கு வாசலில் நீலச் சட்டை போட்டு நின்றிருந்தார் குணசேகர். இளைத்திருந்தார். சரளாவைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சரளா உட்காரவில்லை.

"குணா, அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். மல்லாக்கப் போடறதுக்கு முன்னாடியே பாத்தேன். எலும்பு தெரிஞ்சுது."

குணசேகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "விசாரணையில சொன்னீங்களா?"

"சொன்னேன். அவங்க எழுதல."

"எங்கிட்ட சொல்லலியே அக்கா. ஒரு வருஷம் ஆச்சு." குரல் ஏறவில்லை. "ஒரு வருஷமா தெனம் அந்தக் கோழிக்கழுத்துதான் கண்ணுல நிக்குது. நாந்தான் கொன்னேன், வேற யாரும் இல்லேன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஷோபாகிட்ட கூட சரியாப் பேசல."

"தெரியும். மன்னிச்சுடுன்னு கேக்க வரல. தெரிஞ்சுக்கணும்னுதான் சொன்னேன்."

"இப்பத் தெரிஞ்சு என்ன பண்ண?"

சரளா புத்தகத்தை நீட்டினார். அவர் வாங்கி, ஐம்பத்தோராம் பக்கத்தைத் தானே தேடிப் பிடித்தார். எக்ஸ்ரே படத்தை அவருக்குப் படிக்கத் தெரியாது. "இது தல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சரளா விரலால் காட்டினார்: கழுத்து இது, இதயம் இது, கறுப்பாக இருப்பது முழுக்க மூச்சு. அவர் கேட்டுக்கொண்டார். தன் பெயர் இருந்த பக்கத்தைச் சரளா திருப்பிக் காட்டியபோது மட்டும் பார்க்காமல் மூடிவிட்டார்.

"இத நீங்களே வெச்சுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

கன்டெய்னர் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறந்துவிட்டு, நம்பரை நோட்டில் எழுத உள்ளே போனார். சரளா கால் மணி நேரம் வாசலில் நின்றார். உள்ளே வேலை இருந்ததா, வர விருப்பமில்லையா, தெரியவில்லை. அவர் திரும்பி வரவில்லை.

சரளா அதே இடத்தில்தான் இன்னும் வேலை செய்கிறார். இப்போது ஒவ்வொரு படம் வந்ததும் தெரிவதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறார். இரைப்பை காலி. நுரையீரல் சுத்தம். இடது தொடையில் பழைய முறிவு. புதிதாக வந்த டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. மனதை ஒருமுகப்படுத்த முடியவில்லை என்று அலுவலகத்தில் புகார் செய்திருக்கிறார். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்கள் என்று சரளா நினைக்கவில்லை.